வெண்ணிலாவின் வலது கால்

மாப்பிள்ளையின் தம்பி வருகிற பஸ் மணப்பாறைக்கு இந்தப் பக்கம் பஞ்சராகி நிற்கிறது என்று போன் வந்ததும் டெஸ்மண்ட் ஃபாலனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அவன்தான் பேத்திக்கு ஞானத்தகப்பன், அவன் இல்லாமல் ஞானஸ்நானம் நடக்காது, நடக்காதவரை அவர் யாரிடமும் எதையும் சொல்லவேண்டியதில்லை, இப்படியே இந்தப் பெஞ்சில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நல்ல காற்று. பொன்மலை வெயிலில் இந்தக் கோயிலுக்குள் மட்டும் எங்கிருந்துதான் இப்படி ஒரு காற்று வருகிறதோ, காலைப் பூசையின் மெழுகுதிரி வாசனையும் பீடத்துச் சம்பங்கி வாசனையும் அதில் கலந்து கலந்து வருகிறது, மடியில் பேத்தி தூங்குகிறாள், பேக்கரித் தட்டிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி மாதிரி சூடாக இருக்கிறாள், இடது கை அவள் தலைக்குக் கீழே மரத்துப்போய்விட்டது, போகட்டும், வலது கையில் புத்தகம். புத்தகத்துக்கு மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்டிருக்கிறது, அட்டையில் அந்தோணியார், அவர் கையிலும் ஒரு பிள்ளை. சம்பந்தியம்மாள் இன்னாசியம்மாள் இதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி அமலியிடம் சொல்கிறாள், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு கோயில் முழுக்கக் கேட்கும்படி: "பாருங்க, பேத்தியை மடியில போட்டுக்கிட்டும் ஜெபப் புத்தகத்தைக் கீழ வைக்கல. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு, கோயிலுக்கு வந்தா செருப்பை எவனாவது தூக்கிட்டுப் போயிடுவானோன்னு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கும்." அமலி சிரிக்காமல் "ஆமா சம்பந்தியம்மா, இவருக்குப் பக்தி கொஞ்சம் ஜாஸ்தி" என்கிறாள். எழுந்து மெழுகுதிரிப் பக்கம் போகிறவள் போகிற வாக்கில் அவர் காதருகே குனிந்து, "கோயில்லயாவது அந்தோணியாருக்கு லீவு குடுங்களேன்."

அட்டைக்குள் இருப்பது ஜெபம் இல்லை. மாத நாவல், காதல் நாவல். வீட்டில் இரும்பு அலமாரி நிறைய இருக்கிற அத்தனையும் அதுதான், அந்தோணியாரும் செபஸ்தியாரும் ஆரோக்கிய மாதாவும் வரிசையாகக் காவல் நிற்க, ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு பெண் மாடிப்படியில் கண்ணீரோடு நின்றுகொண்டிருப்பாள். ஒர்க்‌ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் படிக்க ஆரம்பித்த காலத்தில் வந்த பழக்கம் இந்த அட்டை. அதற்கு முன்னால் ஒருமுறை அட்டை போடாமல் கொண்டுபோய், வேகன் நிழலில் உட்கார்ந்து படித்து, கண் கலங்கி, கூட வேலை செய்கிற செல்லதுரை பார்த்துவிட்டான். "யோவ் வெள்ளக்காரா, அழுவுறியா? பொம்பளைங்க படிக்கிற புக்கைப் படிச்சா இப்படித்தான். புடவை ஒண்ணு எடுத்துத் தரவா?" கண்ணில் இரும்புத் தூசி என்று சொல்லி எழுந்துபோனார். இப்போது நினைத்தாலும் அவருக்குக் கோபம் வருகிறது, செல்லதுரை மேல் இல்லை, தூசி என்று சொன்ன தன் மேல். ஏன் சொல்லவேண்டும்? செல்லதுரை துப்பறியும் கதையாகப் படித்துத் தள்ளுவான், அறுத்துச் சாக்கில் கட்டின பிணம் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது, அவனை யாராவது கொலைகாரன் என்று சந்தேகப்பட்டார்களா? ஒரு மனுஷன் இன்னொரு மனுஷியை எப்படி நேசிக்கலாம் என்று படித்தால் மட்டும் மீசைக்கு என்ன குறைந்துபோகிறது? இந்த ஊரில் ஒரு பெண் மனதுக்குள் என்ன நினைக்கிறாள் என்று பக்கம் பக்கமாக உட்கார்ந்து கேட்கிற இடம் வேறு எது இருக்கிறது? வீட்டில் கேட்பதில்லை, கோயிலில் கேட்பதில்லை, அந்தப் புத்தகங்கள் கேட்டன. எல்லாம் ஒழுங்கு என்று அவர் சொல்லமாட்டார், கதாநாயகன் கன்னத்தில் அறைந்துவிட்டு அதைக் காதல் என்று சொல்கிற பக்கங்கள் நிறைய உண்டு, அதையெல்லாம் இரண்டிரண்டாகப் புரட்டிவிடுவார், அறைகிறவனுக்குப் பென்சிலால் கொம்பு வரைந்துவிடுவார். ஆனால் மற்ற பக்கங்கள்! மழைக்கு ஒதுங்கி நிற்கிற பக்கம். பேச வந்ததைப் பேசாமல் காப்பி டம்ளரைக் கழுவி வைக்கிற பக்கம். அட்டை போட்டதில் வேறொரு வினை வந்துசேர்ந்தது, எந்நேரமும் ஜெபப் புத்தகம் என்று பங்குக் கோயிலில் பேர் பரவி, பழைய சாமியார் அவரைக் கூப்பிட்டு அனுப்பி தெரு ஜெபக்கூட்டமான அன்பியத்துக்குத் தலைவராக்கிவிட்டார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, ஏன் என்று கேட்டால் என்ன காட்டுவது.

குழந்தை கையைத் தூக்குகிறாள், காற்றில் எதையோ பிடிக்கிறாள், விட்டுவிடுகிறாள். அமலியின் கையும் இப்படித்தான், கல்யாணமான புதிதில் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் புத்தகமுமாகச் சத்தமாகப் படிப்பாள். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்திய வீட்டில் இங்கிலீஷ்தான், தமிழ் எழுத்து என்றால் பஸ் போர்டில் இருக்கிற ஜிலேபி. அமலி படிக்கப் படிக்க அவர் வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பார். சரியாக அவன் அவள் கையைப் பிடிக்கப்போகிற இடத்தில் நிறுத்திவிடுவாள். "அப்புறம்?" "குழம்பு கொதிக்குது." "அப்புறம் என்னாச்சு அமலி?" "அவ்வளவு அவசரம்னா நீங்களே படிச்சுக்கோங்க." படித்துக்கொண்டார். அ-வில் ஆரம்பித்து அந்த மழைக்காலம் முடிவதற்குள், வெல்டிங் செய்கிற கையால் எழுத்தைத் தடவித் தடவி. முதன்முதலாக அவராகவே ஒரு வரியை முழுக்கப் படித்த அன்று அமலி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், அந்த வரி என்ன என்று இப்போது நினைவில்லை, அவள் சேலையில் இருந்த சீரக வாசனை நினைவிருக்கிறது. தம்பி ராய் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனபோது நீயும் வா, இங்கே நமக்கு என்ன இருக்கிறது என்று மாதாமாதம் கூப்பிட்டான். அங்கே மாத நாவல் கிடைக்குமா என்று அவர் கேட்டார். ராய் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தான், சிரித்து முடித்தபிறகும் அவர் பதிலுக்குக் காத்திருந்தார். ராய்தான் எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பிப் பூர்வீகம் எந்த ஊர் என்று டி.என்.ஏ. பரிசோதனை செய்து பார்த்தவன். அயர்லாந்துப் பங்குக்கு ஜில்லாவோடு வரைபடம் வந்ததாம், பச்சைப் பச்சையாக. மீதிப் பங்கு? மீதி சும்மா தென்னிந்தியா, டெஸ், கீழே மொத்தமாக ஒரே கலர். மகள் நோரா அந்தப் போன் பேச்சைப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு அன்று முழுக்கக் கொதித்தாள், "அங்க மட்டும் தெருத்தெருவா காட்டுவான், இங்க வந்தா ஒரே பூச்சா பூசிடுவானா?" கோபத்தில் அவளுடைய காது முதலில் சிவக்கும். மேல் மடல் உள்பக்கம் மடங்கின காது. டெஸ்மண்டின் அப்பா லெஸ்லிக்கும் அதே காது, அவருக்கும் அதே, இதோ மடியில் இருக்கிறவளுக்கும் அதே மடிப்பு, ஃபாலன் காது என்று வீட்டில் பேர். ஃபாலன் காது என்று யார் பார்த்தது? அந்தக் கொள்ளுப்பாட்டியுடைய காதாக ஏன் இருக்கக்கூடாது?

அவள். அங்கேதான் வந்து நிற்கிறது, எங்கே சுற்றினாலும். அப்பா லெஸ்லி வருஷத்துக்கு ஒருமுறை மார்ச் மாதத்தில், பேட்ரிக் திருநாளன்று, குழாயடிக்குப் போய் ஈரத்தில் முளைத்திருக்கிற புளியாரையைப் பறித்து எல்லாருடைய சட்டைப்பையிலும் செருகிவிடுவார். அயர்லாந்தில் அன்றைக்கு மூன்றிலைச் செடி ஒன்றைச் செருகிக்கொள்வார்களாம், பொன்மலையில் மூன்று இலையோடு கிடைத்தது புளியாரைதான். கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் டெஸ்மண்டும் ராயும் அதைத் தின்று முடித்திருப்பார்கள், புளிப்பாக, நன்றாக இருக்கும். அன்றைக்கு மத்தியானம் கதை. அப்பாவின் தாத்தா மைக்கேல் ஃபாலன், அயர்லாந்தில் ராஸ்காமன் ஜில்லா, உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி கிடந்தபோது சிறுபிள்ளை, பிழைத்துக் கிடந்து, கப்பலேறி, நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குத் தண்டவாளம் போட வந்தவன், பழுப்புக் குதிரை ஒன்று வைத்திருந்தான், பேர் டியூக், காவிரி மணலில் அது கால் புதைந்து... அப்புறம் இங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். மேரி. அவ்வளவுதான், மேரிக்கு அந்த ஒரு வரி, பிறகு பிள்ளைகள். அப்பா சொன்னபடியே அவரும் நோராவுக்குச் சொன்னார், அவளுக்கு எட்டோ ஒன்பதோ வயது இருக்கும், சமையலறையில், பட்டாணி உரித்துக்கொண்டு, மடியில் நாவல் திறந்தபடி. "மேரிங்கிறது சாமியார் வச்ச பேரு. அவங்க அம்மா வச்ச பேரு என்ன டாடி?" "தெரியலம்மா." "தெரியலைன்னா?" "யாரும் சொல்லல." அவள் எழுந்து நின்றுகொண்டாள். "குதிரைக்குப் பேர் தெரியுது! குதிரைக்கு டியூக்னு நூறு வருஷமா ஞாபகம் வச்சிருக்கீங்க, அவங்களுக்கு ஒரு பேரில்லையா?" காது சிவந்திருந்தது. உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று பயந்து, ஏதாவது, ஏதாவது ஒன்று சொல்லவேண்டுமே என்று குனிந்தவர் கண்ணில் பட்டது மடியிலிருந்த பக்கம். "வெண்ணிலா" என்றார். "அவங்க பேரு வெண்ணிலா." அமலியின் கரண்டி ரசத்துக்குள் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு சுற்றியது. அவள் அதைப்பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வைத்த பேர் அதோடு நிற்குமா? பேர் இருந்தால் முகம் வேண்டும், முகம் இருந்தால் பேச்சு வேண்டும், நோரா கேட்கக் கேட்க வெண்ணிலா வளர்ந்தாள், மேஸ்திரியை எதிர்த்துக் கேள்வி கேட்டாள், கல் சுமந்த கையோடு குதிரைக்குத் தண்ணீர் காட்டினாள், மைக்கேல் பேசிய தமிழைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். இதில் எது புத்தகத்தில் இருந்தது, எது அப்பா சொன்னது, எது அவராகப் போட்டது என்று இப்போது அவராலேயே பிரிக்கமுடியாது. தாடையில் மச்சம் யாருடையது? அன்று மடியில் இருந்த இந்த நாவலைத் திரும்பப் படிக்கும்போது வெண்ணிலா டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற இடம் வந்தால் மனது ஒப்பவே மாட்டேனென்கிறது, கொள்ளுப்பாட்டிக்கு எதற்கு டைப்ரைட்டிங். ஆனால் கடைசி இடம் வந்தால் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ரயில்வே ஸ்டேஷன். வீட்டார் அவளை வேறெங்கோ அனுப்பப் பார்க்கிறார்கள், காதலன் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் நிற்கிறான், கூப்பிடவில்லை, நீ ஏறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டான், கார்டு விசில் ஊதியாகிவிட்டது, வெண்ணிலா வலது காலைத் தூக்கிப் படியில். அவ்வளவுதான். பக்கம் முடிந்தது, அடுத்த தாள் இல்லை. பழைய பேப்பர் கடையில் அவர் எடுத்தபோதே இல்லை, பின்னட்டையோடு போயிருந்தது. வேறு பிரதி தேடாத கடை இல்லை. படியில் வைத்தாளா? வைத்துவிட்டு எடுத்தாளா? ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போதெல்லாம் ஒரு முடிவு போட்டுப் பார்ப்பார். சில நாள் ஏறிப்போய்விடுவாள், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வருவாள். சில நாள் பெட்டி மட்டும் போகும். மனசு சரியில்லாத நாட்களில் வண்டி அவளோடு போய்ச் சேர்ந்துவிடும், வீட்டுக்கு வந்து அமலியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவார்.

இன்றைக்கு அந்தக் கால்தான் அவர் மார்பின்மேல் நிற்கிறது. போன ஞாயிறு நோரா இந்தக் கோயிலில் இதே இடத்தில் நின்று ஃபாதரோடு வாதாடினாள். ஃபாதர் சின்னப் பையன், நல்லவர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், வெண்ணிலா அழகான பேருதான், கூட ஒரு மேரி சேர்த்துக்குவோம், வெண்ணிலா மேரி, கேட்க நல்லாத்தானே இருக்கு? "வேண்டாம் ஃபாதர். எங்க வீட்டுல ஒருதடவை அப்படித்தான் ஆச்சு. மேரின்னு வச்சாங்க, இருந்த பேரு போச்சு. போனதை இப்பத்தான் திருப்பிக் கொண்டுவர்றோம், அதுமேலயே மறுபடியும் மேரியைப் போடச் சொல்றீங்களே." மாதா பேரும்மா அது, என்றார் ஃபாதர். "மாதாவுக்குக் கோபம் வராது ஃபாதர். அவங்க பேரை அவங்க அம்மாதானே வச்சாங்க." ஃபாதர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார், இன்னாசியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள், டெஸ்மண்ட் மட்டும் வியர்த்துப்போய் நின்றார். திருப்பிக் கொண்டுவருகிறோம். எதை? எங்கிருந்து? அந்தக் காலத்தில், தண்டவாளத்துக்குக் கல் சுமந்த பெண்ணுக்கு யார் வெண்ணிலா என்று பேர் வைத்திருப்பார்கள், கருப்பாயியோ வீராயியோ சின்னப்பொண்ணோ, ஏதோ ஒன்று, அவள் அம்மா வாய் நிறையக் கூப்பிட்ட ஒன்று, அதை ஒரு சாமியார் எடுத்துப் போட்டுவிட்டு மேரி என்றார், இவர் மேரியை எடுத்துப் போட்டுவிட்டு வெண்ணிலா என்றார், இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதானே? ஒருவரும் அவளைக் கேட்கவில்லையே. நோரா, காலேஜில் அத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள், ஒரு பொய்யின்மேல் நின்றுகொண்டு சாமியாரோடு சண்டை போட்டிருக்கிறாள், தெரிந்தால் என்ன ஆவாள்? கோபப்பட்டால் பரவாயில்லை, அவள் கோபம் அவருக்குப் பழக்கம். பேசாமல் போய்விட்டால்? சொல்லிவிடவேண்டும். அதற்குத்தான் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்தது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால். பஸ் இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டும். அதுவரைக்கும் இந்தக் காற்று, இந்தச் சூடு, இந்த மரத்துப்போன கை. குழந்தை தூக்கத்தில் சிரிக்கிறாள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை, அவருக்கும் சிரிப்பு வருகிறது, இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் உடம்பு பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறதே, இது என்ன உடம்பு.

வாசலில் சத்தம். மாப்பிள்ளையின் தம்பி ஒருவழியாக வந்துவிட்டான், சட்டையெல்லாம் கிரீஸ், ஸ்டெப்னி மாற்ற இவனும் கை கொடுத்தானாம், இன்னாசியம்மாள் அவனை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள், "பிள்ளையைத் தொடுற கையாடா இது, போ, சோப்பு போட்டுக் கழுவு." எல்லாரும் எழுந்துகொள்கிறார்கள். நோரா குழந்தையை வாங்கிக்கொள்ளக் குனிகிறாள், கையிலிருந்து சூடு போய்விட்டது, இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. "நோரா, ஒரு நிமிஷம். அந்தப் பேரு... வெண்ணிலான்னு..." புத்தகத்தை நீட்டினார். நோரா அட்டையைப் பார்த்தாள். "இந்த அந்தோணியாருக்குள்ளதானே இருக்கா?" என்றாள். அவருக்குப் புரியவில்லை. "டாடி, எட்டாம் கிளாஸ் லீவுல அலமாரியில ஒரு சாமி விடாம எல்லாத்தையும் படிச்சேன். அவ டைப்ரைட்டிங் போறதுவரைக்கும் படிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல மம்மி பயந்துட்டாங்க." "அப்பவே தெரியுமா?" "தெரியும்." "தெரிஞ்சுமாம்மா ஃபாதர்கிட்ட அப்படி..." "தெரிஞ்சதாலதான்." குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவர் விடவில்லை, விடமுடியவில்லை. "அந்தச் சாமியார் செஞ்சதையேதானே நானும் செஞ்சேன்." நோராவின் காது சிவந்தது. "எப்படி ஒண்ணாகும்? அவர் இருந்த பேரை எடுத்தார். நீங்க காலியா கிடந்த இடத்துல ஒண்ணை வச்சீங்க, அதுவும் நான் அழுவேன்னு பயந்து. ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், வேணும்னா ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து சண்டை போடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைசித் தாளை நீங்கதான் கிழிச்சு ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு வீடு முழுக்கத் தேடினேன் தெரியுமா? அவ ஏறினாளா இல்லையா?" என்றாள். அதற்குள் ஃபாதர் வெள்ளை அங்கியைச் சரிசெய்தபடி ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

சுற்றி நிற்கிறார்கள், கழுவின கையை நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டு ஞானத்தகப்பன், பக்கத்தில் மாப்பிள்ளை, மெழுகுதிரியோடு அமலி, குழந்தை விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறது. பிள்ளைக்கு என்ன பேர் வைக்கிறீர்கள் என்று ஃபாதர் கேட்கிறார். தாயும் தகப்பனும்தான் சொல்லவேண்டும். மாப்பிள்ளை வாயைத் திறக்கிறார், நோரா அவர் கையை அழுத்தி நிறுத்துகிறாள், திரும்பி அப்பாவைப் பார்க்கிறாள். "அவர் சொல்லுவார் ஃபாதர். அவர் வச்ச பேரு." தூசி என்று சொல்லி எழுந்துபோகத் தோன்றியது, ஒரு கணம்தான். ஒர்க்‌ஷாப் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பேசிப் பழகின குரல் தன்னால் கிளம்பியது: "வெண்ணிலா." பின்னால் பீடம்வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "வெண்ணிலா மட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். அமலியின் கையில் மெழுகுதிரி கொஞ்சம் ஆடியது, அவள் சிரிக்கிறாள், கரண்டி நின்ற அந்தச் சாயங்காலத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த சிரிப்பு. தண்ணீர் விழுகிறது, நெற்றியில் விழுந்து, மடங்கின காதுக்குள் இறங்கி வழிகிறது, யாருடைய காதோ, குழந்தை வீல் என்று கத்துகிறது, நல்ல குரல், மேஸ்திரியை எதிர்த்துக் கேட்கிற குரல். அவர் நோராவின் தோளுக்குப் பக்கமாகச் சாய்ந்து, இத்தனை வருஷமாக ஒரு நாளைக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்த முடிவுகளில் கடைசியாக ஒன்றை எடுத்துச் சொன்னார்.

"ஏறலம்மா."

நோரா துண்டால் பிள்ளையின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தெரியும் டாடி. ஏறியிருந்தா நாம ஏது?"